போல்ட்டின் மேல் சந்தனப் பொட்டு

புளி வரத்து இல்லாத மாதங்களில் தீர்த்தகிரியின் மண்டியில் பேச்சுதான் மொத்த வியாபாரம். தர்மபுரி கடைத்தெருவில் பாதிப் பேர் அதைச் சில்லறையாக வாங்கிப் போவார்கள். விஜயதசமிக்கு மறுநாள் காலையும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. வாசலில் கட்டிய வாழைக்கன்று தலை தொங்கி நின்றது. தராசு, மரக்கால், கல்லாப்பெட்டியின் பூட்டு எல்லாவற்றிலும் ஆயுத பூஜைப் பொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது.

எதிர் நாற்காலியில் சசிகலா டீ குடித்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்லூரியில் தீர்த்தகிரிக்கு வகுப்புத் தோழி. ஓய்வுக்குப் பிறகும் அவர் துப்பறிந்து சொன்ன சங்கதிகள் ஊரில் கொஞ்சம் பிரபலம். அவற்றைத் தீர்த்தகிரி பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி விவரிக்கும் விதம் அதைவிடப் பிரபலம்.

"மரக்கால்ல எதுக்கு அரிசி ரொப்பி வச்சிருக்கீங்க? நீங்க விக்கறது புளிதானே?" என்றார் சசிகலா.

"பூஜையில வெறும் மரக்காலை வைப்பாங்களா மேடம்? கல்லாவுலகூட ஒரு நாணயமாச்சும் கிடக்கணும். வியாபாரிக்கு வெறுமைன்னா ஆகாது. அரிசி தீந்தாக்கூட எங்க வூட்ல 'நிறைஞ்சு போச்சு'ன்னுதான் சொல்லுவாங்க. என் கல்யாணத்துல அப்படித்தான் எங்கப்பாரு சாம்பார் நிறைஞ்சு போச்சுன்னாரு. பொண்ணு வூட்டுக்காரங்க இன்னொரு அண்டா வருதுன்னு இலையை விட்டு எந்திரிக்கவே இல்ல."

சசிகலா சிரித்து முடிப்பதற்குள் வாசலில் நிழல் விழுந்தது. கலைவாணன். பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவன். பூட்ஸில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்று ஊரே சொல்லும். இன்றைக்கு ரப்பர் செருப்பும் சவரம் செய்யாத தாடையுமாக நின்றான்.

"என்ன மாப்ள, யாராவது செத்துட்டாங்களா?" என்றான் தீர்த்தகிரி.

கலைவாணன் அவனைப் பார்க்கவே இல்லை. "சசிகலா, எனக்கு மறதி வந்துருச்சா இல்லையான்னு நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

அவன் உட்கார்ந்து சொன்னது இது. அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் ரைஃபிள் கிளப்பில் அவன்தான் பயிற்சியாளன். எல்லாம் பாயிண்ட் டூ டூ போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்கள்; தோட்டா அறையை மூடும் போல்ட்டைக் கையால்தான் திறந்து மூட வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு தோட்டா. ஆயுத பூஜை அன்று காலை ஒவ்வொன்றையும் சோதித்து, போல்ட்டைத் திறந்த நிலையிலேயே மேசையில் வரிசையாக வைத்தான். எல்லாக் குழலும் சுடுகளத்து மண்மேட்டைப் பார்த்தபடி. தோட்டாப் பெட்டியைத் தனியாக, சாமி படத்துக்கு முன்னால் ஒரு முக்காலியில். பிறகு வீட்டுப் பூஜைக்குப் போய்விட்டான். மறுநாள் விஜயதசமி. பிள்ளைகள் புத்தகத்தைப் பிரித்துப் படிக்கிற மாதிரி, கிளப்பில் ஒரு பிள்ளை வெறும் ரைஃபிளை எடுத்து ஒரே ஒருமுறை விசையை இழுக்கும். வெறுமனே இழுப்பது உள்ளே தோட்டாவைக் குத்தும் ஊசிக்கு நல்லதில்லை என்று வருஷத்துக்கு அந்த ஒருமுறைதான் அனுமதி.

"சந்தியான்னு ஒரு பொண்ணு. நான் கற்பூரம் ஏத்திட்டிருந்தேன். மேல போத்தியிருந்த துணியை விலக்கி ரைஃபிளை எடுத்துட்டு, 'சார், பாத்தாச்சா?'ன்னு கேட்டா. 'நேத்தே பாத்தாச்சும்மா, இழு'ன்னேன். வெடிச்சிருச்சு."

"யாருக்காவது அடி?"

"இல்ல. குழலை மேட்டைப் பாத்துத்தான் புடிச்சிருந்தா. அது ஒண்ணுதான் காப்பாத்துச்சு. ஆனா உள்ள தோட்டாவை விட்டது நான்தானே? போன மாசம் ரெண்டு தடவை வண்டிச் சாவியைத் தொலைச்சேன். வூட்ல சொல்லிக்கலை." அவன் குரல் இறங்கியது. "இன்னைக்குச் சாயங்காலம் பெத்தவங்க வராங்க. செயலாளர் ராஜினாமா குடுங்கன்னு சொல்லிட்டாரு. மறதின்னா குடுத்துடறேன். அப்புறம் இந்த ஜென்மத்துல துப்பாக்கியைத் தொட மாட்டேன். பிள்ளைங்க உசுரு சசிகலா, வெளையாட்டில்ல."

தீர்த்தகிரியின் காரில் மூவரும் கிளம்பினார்கள். வத்தல்மலை கண்ணில் பட்டதும் தீர்த்தகிரிக்கு என்.சி.சி. காலம் ஞாபகம் வந்தது. இதே மூன்று பேர்தான். இதே மலை அடிவாரம்தான். காக்கி அரை டிராயர், கேன்வாஸ் விரிப்பின் புழுதி, கன் ஆயில் வாசனை, பக்கத்து வரிசையில் இரட்டைச் சடையோடு குப்புறப் படுத்துச் சுடும் சசிகலா. தீர்த்தகிரி சுட்ட குண்டு ஒன்றுகூட அவனுடைய இலக்கு அட்டையில் பட்டதில்லை. எல்லாம் பக்கத்தில் கலைவாணன் அட்டைக்குப் போகும். தான் சுட்டதைவிட அதிக ஓட்டை வைத்திருந்ததற்காகக் கலைவாணன் ஹவில்தாரிடம் திட்டு வாங்கினான். சுட்டு முடித்ததும் எல்லோரும் பூரிக்கு ஓடுவார்கள். கலைவாணன் மட்டும் உட்கார்ந்து அடுத்தவன் ரைஃபிளையும் சேர்த்துத் துடைப்பான். அவனா தோட்டாவை உள்ளே விட்டுவிட்டு மறப்பான்? அந்த வயதில் மறந்திருக்க மாட்டான். இந்த வயதில்? தீர்த்தகிரிக்குத் தன் சொந்த முழங்கால் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டான்.

கிளப்பில் செயலாளர் பூவரசன் கைகூப்பினார். பாத்திரக்கடை முதலாளி, ஞாயிற்றுக்கிழமைகளில் சுட வருவார். "பூஜை அன்னைக்குச் சாயங்காலம் நானே நின்னு பண்ணேன் மேடம். ஒரு குறை வைக்கலை. எதையும் வெறுமையா வைக்கலை. பட்டுத்துணி போத்தி, ஷட்டரைப் பூட்டிட்டுப் போனேன். மறுநாள் காலைல என் கடைப் பூஜை முடிஞ்சு வரதுக்குள்ள இப்படி ஆயிப்போச்சு. சாருக்கு வயசாயிடுச்சுங்க, பாவம்."

உதவிப் பயிற்சியாளன் சரத் ஓரமாக நின்றான். "நான் அன்னைக்கு முழுக்கத் தீர்த்தமலையில இருந்தேங்க. மாமா லாரிக்குப் பூஜை."

தீர்த்தகிரி சசிகலா காதில் சொன்னான்: "கலைவாணன் போனா அந்த இடம் இவனுக்குத்தான். முழியைப் பாருங்க, கொட்டை எடுக்காத புளி மாதிரி."

"முழியை வச்சு ஆளைப் புடிக்கறதா இருந்தா உங்களை எப்பவோ உள்ள போட்டிருப்பேன்" என்றார் சசிகலா.

வெடித்த ரைஃபிளைக் கலைவாணன் அப்படியே பூட்டி வைத்திருந்தான். குண்டு போனதும் போல்ட்டைத் திறந்து காலித் தோட்டாவை வெளியே எடுத்தது மட்டும்தான்; துடைக்க மனம் வரவில்லையாம். சசிகலா அதை வாங்கி, குழலை மேட்டுப் பக்கம் திருப்பி, விரலை விசைக்கு வெளியே நீட்டிவைத்து, போல்ட் திறப்புக்குள் கண்ணால் பார்த்தார். பிறகு சுண்டு விரலால் தடவினார். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் என்.சி.சி.யில் கற்ற அதே வரிசை.

"பொட்டைப் பாத்தீங்களா?"

போல்ட்டின் கைப்பிடி அடியில் சந்தனம் பாதி வட்டமாக ஒட்டியிருந்தது. அதைத் தாண்டி ரைஃபிளின் இரும்பு உடலில் இன்னொரு பாதி வட்டம். சசிகலா மெதுவாக போல்ட்டை முன்னுக்குத் தள்ளிக் கைப்பிடியை இறக்கினார். இரண்டு பாதியும் சேர்ந்து ஒரே முழுப் பொட்டாயின.

"மத்த ரைஃபிள்ல எல்லாம் மரக்கட்டையில மட்டும்தான் பொட்டு இருக்கு. யார் வச்சது?"

கிளப்பைக் கூட்டிப் பெருக்கும் ராமக்கா முன்னால் வந்தாள். "நான்தாங்க. மத்தியானமே வச்சுட்டேன். கட்டையில மட்டும்தான். இரும்புல வச்சா துரு புடிக்கும்னு சாரு சொல்லியிருக்காரு. அதும்மேல இருக்கறது என்து இல்லைங்க. அதெல்லாம் தெறக்க மூட எனக்குத் தெரியவும் தெரியாது."

சசிகலா தலையசைத்தார். "கலைவாணன், இதைத் துடைங்க. வழக்கமா எப்படியோ அப்படி."

கலைவாணன் முதலில் தயங்கினான். கையில் ரைஃபிள் வந்ததும் தயக்கம் போய்விட்டது. மறுபடி திறந்து பார்த்தான். போல்ட்டைக் கழற்றித் துணிமேல் வைத்தான். கம்பியில் வெள்ளைத் துணித்துண்டைக் கோத்து, தோட்டா நுழையும் பக்கத்திலிருந்தே குழலுக்குள் செலுத்தினான். "வாய்ப் பக்கமா விட்டா கம்பி உரசி முனை தேயும்" என்று யாரும் கேட்காமலே சொன்னான். முதல் துணி கறுப்பாக வந்தது. அடுத்தது சாம்பல். பிறகு தோட்டா உட்காரும் அறையை மட்டும் தனித் துணியால் சுழற்றித் துடைத்தான். அதில் கறுப்போடு ஒரு செம்மை.

"துருவா?" என்றார் பூவரசன் சட்டென்று.

"என் ரைஃபிள்ல துருவா?" கலைவாணன் குரலில் பழைய சுபேதார் ஒரு கணம் எட்டிப் பார்த்தார்.

"தீர்த்தகிரி, சட்டைப் பையில சாம்பிள் புளி வச்சிருப்பீங்களே?"

"அது இல்லாம நான் தூங்கக்கூட மாட்டேன் மேடம்."

புளியை நனைத்து அந்தச் செம்மையின்மேல் தேய்த்தார்கள். சிவப்பு மெல்ல மஞ்சளாக மாறியது. தீர்த்தகிரிக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. துரு புளிபட்டால் மஞ்சளாகாது. மஞ்சளில் செய்த நல்ல குங்குமம் ஆகும். காலித் தோட்டாவின் பித்தளை விளிம்பிலும் அதே சோதனை. அதே மஞ்சள்.

சாயங்காலம் பெற்றோர் வந்து உட்கார்ந்தார்கள். சந்தியா அப்பாவின் பக்கத்தில் தலை குனிந்திருந்தாள். சசிகலா எழுந்து நின்றார்.

"கலைவாணன் மறந்துபோய்த் தோட்டாவை உள்ள விட்டுட்டாருன்னு எல்லாரும் நினைக்கிறீங்க. அவரும் அப்படித்தான் நினைக்கிறாரு. ஆனா அந்தத் தோட்டாவுல குங்குமம் இருந்துச்சு. மறந்து விட்ட தோட்டாவுக்கு யாரும் பொட்டு வைக்க மாட்டாங்க."

கூடத்தில் நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது.

"அவரைக் கவுக்கணும்னு நினைக்கிற எதிரியும் வைக்க மாட்டான். அதனால சரத்தை விட்டுடலாம். அவர் அன்னைக்கு ஊர்லயும் இல்லை. இது கெட்ட எண்ணத்துல செஞ்ச காரியமில்லை, பக்தியில செஞ்சது. வரிசையில ஒரு ரைஃபிளாச்சும் வெறுமையா இருக்கக் கூடாதுன்னு, ஒரு தோட்டாவுக்குப் பொட்டு வச்சு, உள்ள போட்டு, போல்ட்டை மூடி, மூடின இடத்து மேல இன்னொரு பொட்டு. கல்லாப்பெட்டிப் பூட்டுக்கு வைப்போமே, அந்த மாதிரி. ராமக்காவுக்கு மூடத் தெரியாது. தெரிஞ்சவர், சாயங்காலம் தனியா பூஜை பண்ணவர், வெறும் பெட்டியைச் சாமி முன்னால வைக்கக் கூடாதுன்னு வளந்த ஒரு வியாபாரி." அவர் திரும்பினார். "எதையும் வெறுமையா வைக்கலைன்னு காலைல நீங்களே சொன்னீங்க பூவரசன்."

அந்த வார்த்தை தீர்த்தகிரி காதிலும்தான் விழுந்தது. அவன் வீட்டு வார்த்தை என்பதால் அதில் எந்தத் தப்பும் தெரியவில்லை. கையில் ரைஃபிள் இருந்திருந்தால் அவனே அப்படிச் செய்திருக்கக் கூடும்.

பூவரசன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "காலைல முதல் ஆளா வந்து எடுத்துடலாம்னுதான் இருந்தேன். கடைப் பூஜை இழுத்துருச்சு. வந்து பாத்தா... எப்படிச் சொல்லுவேன்? சாரே தன் தப்புன்னு சொல்லிட்டிருந்தாரு." அவர் சசிகலா பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "மேடம், சார் கோச்சாவே இருக்கட்டும். ராஜினாமாப் பேச்சே வேண்டாம். இதோட முடிச்சுக்கலாமே?"

"செயலாளரே, நானும் வியாபாரிதான்" என்றான் தீர்த்தகிரி. "புழு வச்ச சரக்குக்கு நான் விலை பேச மாட்டேன். பெத்தவங்க முன்னால எந்திரிச்சு நின்னு, கேக்கற மாதிரி சொல்லுங்க."

பூவரசன் எழுந்தார். சொன்னார். குரல் எழும்பவில்லை என்றாலும் கடைசி வரிசைவரை கேட்டது. சந்தியாவின் அப்பா எதையோ சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் பூவரசன் வெளியே போனார்.

கலைவாணன் சசிகலா பக்கம் திரும்பினான். "அப்ப நான் மறக்கலையா?"

"மறக்கலை. பூஜை அன்னைக்குக் காலைல நீங்க வெறுமையாத்தான் வச்சீங்க" என்றார் சசிகலா. "ஆனா மறுநாள் திருப்பிப் பாக்காம, அந்தப் பொண்ணை இழுக்கச் சொன்னீங்க. போல்ட் மூடியிருந்ததை அவ நீங்க மூடினதுன்னு நினைச்சா. நீங்க அவ மூடினதுன்னு நினைச்சீங்க. அந்தத் தப்பு உங்களோடது. வேற யார் தலையிலயும் கட்ட முடியாது."

"ஆமா" என்றான் கலைவாணன். "அது என்னோடதுதான்." தன் தப்பை ஒருவன் இவ்வளவு நிம்மதியாக ஒப்புக்கொண்டு தீர்த்தகிரி பார்த்ததில்லை. மறதிக்கு மருந்தில்லை. இதற்கு இருக்கிறது. பிள்ளைகளின் பெற்றோர் பக்கம் திரும்பிக் கலைவாணன் அதையே இன்னொரு முறை, இந்த முறை நிமிர்ந்து நின்று, சொன்னான்.

கூட்டம் கலைந்தபோது சந்தியா தயங்கி நின்றாள். "சார், நாளைக்கு வரலாமா?"

"அப்பா விட்டா வா."

அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை.

"வந்து ரைஃபிளை எடுத்தா முதல்ல என்ன பண்ணுவே?"

"உங்ககிட்ட கேப்பேன் சார், பாத்தாச்சான்னு."

"கேக்காதே" என்றான் கலைவாணன். "நான் பாத்துட்டேன்னு சத்தியமே பண்ணாலும் நீ தெறந்து பாரு. இந்த ஒரு விஷயத்துல என்னை நம்பவே நம்பாதே."