நகலில் நின்றவள்

தம்பி வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது காலை பத்தரை மணி. நல்ல வெயில். ஒரு வாரமாக மழை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நனைந்த வாசல் மிதியடியைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது.

அது எங்கள் அப்பா கட்டிய வீடு. இப்போது தம்பியும் அவன் மனைவியும் இருக்கிறார்கள். நான் இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். தம்பி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். மூன்று வாரம் அசையக் கூடாது. அவனுக்குச் சினிமாப் பைத்தியம். கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருக்கும் படங்களில் பத்துப் பதினைந்தை டேப்லெட்டில் ஏற்றிக் கொண்டுவரச் சொன்னான். அவன் மனைவி கடையிலிருந்து ரிப்பேர்க்காரரை வரவழைக்கிறேன் என்றாள். நான் தடுத்துவிட்டேன். ஒரு குடும்பத்தின் பழைய போட்டோக்களும் கடிதங்களும் இருக்கும் பெட்டியில் வெளியாள் கைவைப்பது எனக்குப் பிடிக்காது.

"உங்களுக்கு அது வருமா அத்தான்?"

"முப்பத்தோரு வருஷம் கோர்ட்டுல நகல் பிரிவுல இருந்தவன்மா நான்" என்றேன்.

உண்மைதான். அசலையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. நகலில் ஒரு சொல் விடுபட்டால் எழுத்தரைத் திட்டுவோம். ஒரு சொல் கூடியிருந்தால் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு விசாரிப்போம்.

தம்பியின் அறையில் உட்கார்ந்தேன். கேபிளைச் செருகினேன். டேப்லெட் அனுமதி கேட்டது, கொடுத்தேன். பன்னிரண்டு படங்களைத் தேர்ந்தெடுத்து அதில் நகலெடுத்து ஒட்டினேன். பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்தது. முக்கால் மணி நேரத்தில் முடிந்தது.

வேறொருவராக இருந்தால் கேபிளைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பியிருப்பார். நான் ஒத்துப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் அசல், மடியில் நகல். ஒவ்வொரு படத்திலும் தொடக்கத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், முடிவில் கொஞ்சம். அலுவலகப் பழக்கம்.

முதல் படத்தின் நடுவில் ஒரு கல்யாண வீடு. ஆட்டமும் பாட்டுமாக அமர்க்களம். பின்னால் ஒரு கதவு.

நகலில் அந்தக் கதவின் முன்னால் ஒரு பெண் நின்றாள்.

முதுகுதான் தெரிந்தது. நீலப் புடவை. வலது கை கதவின்மேல் உயர்ந்திருந்தது. கூட்டத்தில் யாரும் அவளைப் பார்க்கவில்லை. அசலைப் பார்த்தேன். அங்கே கதவு மட்டும் இருந்தது.

இரண்டாவது படம். ரயில் பெட்டி. நகலில் பெட்டிக் கதவருகே அதே முதுகு. மூன்றாவது பழைய கறுப்பு வெள்ளைப் படம். அதில் அவளும் கறுப்பு வெள்ளையாகவே இருந்தாள். ஆனால் முடியிலிருந்து தண்ணீர் சொட்டுவது தெளிவாகத் தெரிந்தது.

ரிப்பேர்க்காரருக்குப் போன் செய்தேன். போன மாதம் இதே கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தவர் அவர்தான். அவர்மேல்தான் எனக்கு முதல் சந்தேகம்.

"படத்துல ஏதாவது சேத்து வச்சீங்களா?"

"என்னய்யா சேக்கறது? நான் என்ன டைரக்டரா?" என்று சிரித்தார். "காப்பின்னா காப்பிதான்யா. கூடவும் கூடாது, குறையவும் குறையாது. சந்தேகமா இருந்தா ரெண்டுலயும் சைஸ் பாருங்க."

பார்த்தேன். கடைசி இலக்கம்வரை ஒன்றாக இருந்தது.

"சரியா இருக்கா? அப்புறம் என்ன? நீங்க ஒவ்வொரு சீனா ஒத்துப் பாத்துட்டிருந்தா, உங்க தம்பி குணமாகி நடந்தே வந்துடுவாரு."

போனை வைத்தேன். அவர் சிரித்த விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. என் தம்பிக்கு வேண்டியவர் அவர். தம்பி மனைவிக்கும் வேண்டியவர். மூவருமாகச் சேர்ந்து என் வாயைப் பிடுங்கப் பார்க்கிறார்களா?

நான்காவது படத்தில் அவள் தலையைக் கொஞ்சம் திருப்பியிருந்தாள். காது தெரிந்தது. காதின் மேல்மடலில் ஒரு சின்ன வெட்டு.

ஊஞ்சல் சங்கிலி கிழித்த வெட்டு அது. அன்று அவளைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடியவன் நான்.

எனக்குத் தங்கை, தம்பிக்கு அக்கா. அப்பா வாக்குக் கொடுத்திருந்த இடத்தை உதறிவிட்டு, தனக்குப் பிடித்தவனோடு போனாள். அப்பா தெருவில் தலை நிமிர்ந்து நடந்தது அதற்கு முந்தைய நாள்தான் கடைசி. இனி அவள் இந்த வீட்டு வாசல் மிதிக்கக் கூடாது என்று நான் சொன்னேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. தம்பி மட்டும் அழுதான்.

இரண்டு வருடம் கழித்து ஒரு மத்தியானம், கொட்டும் மழையில், அவள் வந்தாள். எல்லோரும் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார்கள். வீட்டில் நான் மட்டும். கதவில் இரண்டு தட்டு, சற்று நிறுத்தி ஒரு தட்டு. சின்ன வயதில் நாங்கள் மூவரும் வைத்துக்கொண்ட அடையாளத் தட்டு. ஜன்னல் திரையை ஒரு விரல் அளவுக்கு விலக்கிப் பார்த்தேன். கையில் ஏதோ ஆஸ்பத்திரிக் கவரைப் பிடித்திருந்தாள்.

"அண்ணா, நீ உள்ளதான் இருக்கே. எனக்குத் தெரியும்."

நாற்பது நிமிடம் நின்றாள். நான் திறக்கவில்லை. மூன்றாம் நாள் வேறோர் ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து அவள் இறந்துபோனதாகத் தகவல் வந்தது.

அவள் பையில் எங்கள் ஊருக்கு வந்த பஸ் டிக்கெட் இருந்ததாம். தம்பி கேட்டான்: "அவ வீட்டுக்கு வந்தாளாண்ணா?" வரவில்லை என்றேன். இருபத்திரண்டு வருடமாக அவன் அவ்வப்போது கேட்கிறான். நான் அதே பதிலைச் சொல்கிறேன். அவன் என்னை நம்புகிறான். எனக்கு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

இந்த டேப்லெட் அவன் கைக்குப் போனால்?

கதவு தட்டப்பட்டது. மடியிலிருந்து டேப்லெட் நழுவியது.

"அத்தான்! ஏன் கதவச் சாத்திட்டு உக்காந்திருக்கீங்க?" தம்பி மனைவி. துணிமணி எடுத்துப்போக ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள்.

"தூசி வருது."

"வாசல் மிதியடி மேல தண்ணி ஊத்தினீங்களா? பிழிஞ்சா ஒரு வாளி வரும் போல."

போய்ப் பார்த்தேன். வாசற்படி காய்ந்திருந்தது. தெரு காய்ந்திருந்தது. மிதியடி மட்டும் ஊறிப்போயிருந்தது, யாரோ வெகுநேரம் அதன்மேல் நின்றதுபோல.

தம்பி மனைவி போனதும் பன்னிரண்டு படங்களையும் டேப்லெட்டிலிருந்து அழித்தேன். வெறுங்கையோடு போனால் தம்பி காரணம் கேட்பான். அதனால் ஒரே ஒரு படத்தைத் தேடி எடுத்தேன். பாலைவனப் படம். ஒட்டகங்கள், மணல், வழி தவறிய நான்கு பேர். இரண்டு மணி நேரம் முழுவதும் அசலை ஓட்டிப் பார்த்தேன். வீடு இல்லை, கூடாரம் இல்லை. ஒரு கதவுகூடக் கிடையாது.

ஏற்றினேன். நகலையும் முழுதாக ஓட்டிப் பார்த்தேன். மணல் மட்டும்தான். முப்பத்தோரு வருட அனுபவம் வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தரை மணிக்கு ஆஸ்பத்திரி. இரண்டாம் மாடி, தனி அறை. அவன் மனைவி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள்.

"ஒரே ஒரு படமா? ஒட்டகம்தான் கிடைச்சுதா உனக்கு?" என்று தம்பி சிரித்தான். "சரி குடு. பிச்சை எடுக்கறவன் அளவு பாக்க முடியுமா?"

ஹெட்போனை மாட்டிக்கொண்டான். நான் நாற்காலியில் சாய்ந்தேன். இருபது நிமிடம் போயிருக்கும்.

தம்பி ஹெட்போனைக் கழற்றினான்.

"யாரோ கதவு தட்டறாங்கண்ணா. படத்துல."

"அதுல கதவே கிடையாதுடா."

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவன் என்னையே பார்த்தான். "ஒட்டகப் படத்துல கதவு இருக்கா இல்லையான்னு நீ எதுக்குப் பாத்தே?"



அவன் டேப்லெட்டை மெதுவாக என் பக்கம் திருப்பினான். மணல்வெளி நடுவே ஒரு கதவு நின்றது. எங்கள் வீட்டு வாசற்கதவு. அதன் முன்னால் யாரும் இல்லை. பக்கத்தில் ஜன்னல். ஜன்னல் திரை ஒரு விரல் அளவுக்கு விலகியிருந்தது. அந்த இடுக்கில் ஒரு கண். மூக்கின் பாதி. மூக்குக்கண்ணாடியின் தடித்த கறுப்பு விளிம்பு.

அவள் வந்த அன்று நான் போட்டிருந்த கண்ணாடி.

"அண்ணா" என்றான் தம்பி, மிகத் தாழ்ந்த குரலில். "அன்னிக்கு அவ வந்தாளா?"

டக், டக்.

டக்.

சத்தம் டேப்லெட்டிலிருந்து வரவில்லை. அறைக் கதவிலிருந்து வந்தது.

"உன் பொண்டாட்டியா இருக்கும்" என்றேன்.

"அவளுக்கு இந்தத் தட்டு தெரியாது."

அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. நர்ஸ்கள் தோளால் இடித்துக்கொண்டு வருகிற கதவு. வெளியே நிற்பவர் தள்ளினால் போதும். தள்ளவில்லை. மறுபடி இரண்டு தட்டு, ஒரு தட்டு. அறையில் மருந்து வாசனை மறைந்து நனைந்த துணியின் வாசனை ஏறியது. கதவின் கீழ் இடுக்கு வழியாக ஒரு மெல்லிய நீர்க்கோடு உள்ளே வந்தது. தரையில் நகர்ந்து என் செருப்பின் முன்னால் நின்றது.

"என்னால எழுந்திரிக்க முடியாதுண்ணா" என்றான் தம்பி. அவன் கண்கள் நிறைந்திருந்தன. "நீ போய்த் தொற."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு மணி அடிக்கப் பத்து நிமிடம்.

அதே கடிகாரம் ஆறரையைக் காட்டும்போதும் நான் நாற்காலியில்தான் இருந்தேன். நர்ஸ் வரவில்லை. தம்பி மனைவி வரவில்லை. தம்பி என்னை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, என்னை எதுவும் கேட்காமலே, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

தட்டுவது நின்றது.

நான் வீடு திரும்பிக் கதவைத் தாழிட்டு நான்கு நாள் ஆகிறது. தம்பி போனை எடுப்பதில்லை. வெளியே நல்ல வெயில். உள்பக்கம் போட்டிருக்கும் என் மிதியடியைக் காலையிலிருந்து மூன்று முறை பிழிந்துவிட்டேன்.