ஆள் நிறைந்தால்தான் வண்டி கிளம்பும்

தலைநகர் அம்மானிலிருந்து பெத்ராவுக்குப் போகப் பல வழிகள் உண்டு. பெரிய பேருந்து காலையில் ஒழுங்காகக் கிளம்பும். வெளிநாட்டார் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு பாலைவனம் முழுக்கத் தூங்குவார்கள். வாடகைக் காரில் போனால், ஓட்டுநர் வழியில் தன் மைத்துனர் கடையில் நிறுத்தி உங்கள் தலையில் ஒரு கம்பளத்தைக் கட்டிவிடுவார். பாறையில் குடைந்த அந்தப் பழைய நகரத்தின் வாசலில் குடியிருக்கும் எங்களைப் போன்ற வாதி மூஸாக்காரர்களுக்குத் தெற்கு நிலையத்தில் நிற்கும் சிற்றுந்துதான். அதற்கு நேரம் என்று ஒன்று கிடையாது. ஆள் நிறைந்தால் கிளம்பும். நிறையாவிட்டால் உலகம் முடியும் கியாமத் நாள்வரை நிற்கும்.

நான் சுற்றுலாக் கல்வி படிப்பவன். பயணக் குறிப்பு சொல்வதற்குத்தான் என்னைப் படிக்க வைக்கிறார்கள். இந்தக் குறிப்பு மட்டும் பாடத்தில் இல்லை.

அன்று சனவரி மாத நண்பகல். கடைசி வரிசையில் நடைபாதையோரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பக்கத்துச் சன்னலோர இருக்கை மட்டும் காலி. அந்தி சாயும்போது தொழும் மக்ரிப் தொழுகைக்குப் பிறகு எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஹைஃபாவைப் பெண் கேட்கப் போகிறார்கள். என் தேர்வைக் காரணம் காட்டி ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போட்டாயிற்று. இன்னொரு முறை மாப்பிள்ளை வராவிட்டால் அந்தப் பேச்சே வேண்டாம் என்று ஹைஃபாவின் அப்பா சொல்லியனுப்பியிருந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

ஓட்டுநர் அபூ ஷாஹிர் கதவில் சாய்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, கிளம்பலாமே."

"ஒரு ஆள் குறையுது."

"நான் ரெண்டு ஆள் மாதிரி உட்கார்ந்துக்கிறேன்."

"நீ முக்கால் ஆளுடா. உன்னைச் சேர்த்தே எனக்கு நட்டம்."

எனக்கு நேர் முன்னிருக்கையில் இருந்த முத்லக் சிரித்தான். விடுப்பில் ஊருக்குப் போகும் ராணுவ வீரன்.

"காலி இடத்துக்கும் நானே குடுத்துடறேன் மாமா. இன்னைக்கு எனக்குப் பெண் கேட்கப் போறாங்க."

"குடுக்கிறது பத்தி இல்லடா. காலி இடத்தோட ஷோபக் மலை மூடுபனிக்குள்ள நான் போறதில்ல. காலியா இருந்தா யாராவது வந்து உட்கார்ந்துக்குவாங்க." ஒரு விதையைத் துப்பிவிட்டு அவர் தேநீர்க் கடைப் பக்கம் நடந்தார். முத்லக்கும் புகைக்க இறங்கினான். மற்றவர்கள் கைபேசிக்குள் தலையை விட்டிருந்தார்கள்.

அவர்கள் திரும்பி வந்ததும் சொன்னேன்.

"ஆள் வந்தாச்சு மாமா. என் அத்தை. இதோ, என் பக்கத்துல."

எங்கள் ஊரில் அடுத்தவன் அத்தையை ஓர் ஆண் திரும்பிப் பார்ப்பதில்லை. அபூ ஷாஹிர் சட்டென்று தரையைப் பார்த்தார். முத்லக் தன் இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். பொய்யைச் சரிபார்க்க வேண்டிய கண்களெல்லாம் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிவிட்டன. சுலபமாக முடிந்ததில் எனக்கே கொஞ்சம் ஏமாற்றம். அதனால் அலங்காரமும் செய்தேன்.

"விதவை. காது மந்தம். யார்கிட்டயும் பேச மாட்டாங்க."

"ஏண்டா, பெரியவங்க வந்ததை முதல்லயே சொல்ல மாட்டியா?" அபூ ஷாஹிர் வண்டியைக் கிளப்பினார்.

பாலைவன நெடுஞ்சாலையில் வேடிக்கை பார்க்க எதுவும் கிடையாது. மண், மின்கம்பம், மறுபடி மண். முத்லக் திரும்பாமலே தோளுக்கு மேலாக ஒரு காகிதக் கோப்பையை நீட்டினான். குடுவையில் கொண்டுவந்த தேநீர். "அத்தைக்குக் குடு." வாங்கிச் சன்னல் விளிம்பில் வைத்தேன். ஆறட்டும், நாமே குடிக்கலாம் என்று நினைத்தேன்.

ஷோபக் திருப்பத்தில் பனி இறங்கியது. முதலில் மலை போயிற்று, பிறகு சாலை. விளக்கைப் போட்டுக்கொண்டு வண்டி மாடு போல ஊர்ந்தது. பகல் எங்கேயோ வெளியே நின்றுவிட்டது. அப்போதுதான் அந்த வாடை வந்தது. ஈரக் கல், பழைய புகை, ஆட்டு மயிர். எங்கள் ஊர்ப் பாறைக் கல்லறைகளுக்குள் மழைக்கு ஒதுங்கியவர்களுக்கு அது தெரியும். வேறெங்கும் அந்த வாடை கிடையாது.

தேநீர் நினைவுக்கு வந்தது. கண்ணை நகர்த்தாமல் கையை மட்டும் நீட்டி எடுத்தேன்.

கோப்பை காலி.

அடியில் ஒரு சிட்டிகை சிவந்த மணல்.

சன்னல் கண்ணாடியில், உட்கார்ந்த ஆளின் வாய் உயரத்தில், வட்டமாக ஆவி படிந்திருப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. அது மெல்ல மறைந்தது.

திரும்பப் படிந்தது.

"ராக்கான்," முன்னாலிருந்து அபூ ஷாஹிர் தணிந்த குரலில் கூப்பிட்டார். "அந்தச் சன்னல் சரியா மூடல. மூடிவிடு. அத்தைக்குக் குளிருதாம்."

"யார் சொன்னா?"

"அவங்கதான். பேச மாட்டாங்கன்னியே. நல்லாத்தானே பேசறாங்க. என்ன, ரொம்பப் பழைய காலத்துப் பேச்சு."

சன்னலை மூட வேண்டுமென்றால் அவள் மடிக்குக் குறுக்கே கையை நீட்ட வேண்டும்.

நான் நீட்டவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. மரியாதை தவிர வேறு காரணத்துக்காக ஒரு பெண்ணைப் பார்க்காமல் இருந்தது வாழ்க்கையில் அதுவே முதல்முறை.

வாதி மூஸாவில் வண்டி நிற்பதற்கு முன்பே குதித்து ஓடினேன். பின்னால் அபூ ஷாஹிரின் குரல் கேட்டது. "பாருங்க இவனை. கல்யாணம்னதும் அத்தையை விட்டுட்டு ஓடறான்."

சட்டை மாற்றிக்கொண்டு ஹைஃபா வீட்டுக்குள் நுழைந்தபோது பெரியவர்கள் சுவரோரம் அமர்ந்திருந்தார்கள். என் பெரியப்பா கசப்புக் காப்பியை வாங்கி, குடிக்காமல் தரையில் வைத்தார். முறை அது. குடிக்காமல் வைத்தால் ஏதோ கேட்க வந்திருக்கிறார் என்று பொருள். வீட்டுக்காரர் சரி என்று சொல்லும்வரை கோப்பையைத் தொடமாட்டார். ஹைஃபாவின் அப்பா என்னை ஒரு முறை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"காப்பியைக் குடிங்க. நீங்க வந்த காரியம் ஆச்சு."

எல்லாரும் குடித்தோம். பெண்கள் பக்கமிருந்து குலவைச் சத்தம் எழுந்தது. எனக்கு மூச்சு வந்தது. அப்போது ஹைஃபாவின் தம்பி நிஸார் என் காதருகே குனிந்தான்.

"மச்சான், உங்க அத்தை வருவாங்கன்னு சொல்லவே இல்லையே."

"எந்த அத்தை?"

"அபூ ஷாஹிர் கொண்டுவந்து வாசல்ல விட்டுட்டுப் போனாரே. உள்ள பெண்களோடதான் இருக்காங்க."

உள்ளே என் அம்மா இருந்தாள். பெண் வீட்டுக் கிழவி யாரோ என்று அவள் நினைத்திருக்கிறாள்.

"என்ன பண்றாங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணல. ஹைஃபாவையே பார்த்துட்டு இருந்தாங்க. காப்பி குடுத்தா, தொடாம கீழ வெச்சுட்டாங்க. எங்க அம்மாவுக்குக் கைகால் ஆடிப்போச்சு, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவங்க கோவிச்சுக்கிட்டாங்களோன்னு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? குடிங்க, நீங்க வந்த காரியமும் ஆச்சுன்னு அம்மா சொன்னாங்க. குடிச்சுட்டாங்க."

"என்ன காரியம்னு கேட்டாங்களா?"

நிஸார் என்னை இரக்கத்தோடு பார்த்தான். "காப்பியை வெச்சவங்ககிட்ட அதை யாராவது கேட்பாங்களா?"

நான் முறையை மீறி உள்ளே ஓடினேன். பெண்கள் அலறி முக்காட்டை இழுத்துக்கொண்டார்கள். மூலையில் ஒரு திண்டு மட்டும் அமுங்கிக் கிடந்தது. அதன் முன்னே காலிக் கோப்பை. அடியில் சிவந்த மணல்.

திருமணம் ஏப்ரலில். அம்மானுக்கும் ஊருக்குமாக வாரம் தவறாமல் அதே வண்டியில்தான் போய்வருகிறேன். ஆள் குறைந்தால் வாயைத் திறக்காமல் காத்திருக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். குறிப்பு அவ்வளவுதான்.

ஹைஃபா நன்றாகத்தான் இருக்கிறாள். தினமும் பேசுகிறோம். கொஞ்ச நாளாகப் பேச்சுக்கு நடுவே என் தாத்தாவுக்குக்கூடத் தெரியாத சொல் ஒன்றிரண்டு வருகிறது. கேட்டால் சிரிக்கிறாள். நேற்று ஷோபக் மூடுபனிக்குள் வண்டி நுழைந்த நேரம் அவளே அழைத்தாள். எங்கே இருக்கிறேன் என்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

"ராக்கான்," என்றாள். "அந்தச் சன்னல் சரியா மூடல. மூடிவிடு."