முப்பத்திரண்டாம் நம்பர் கயிறு

பதினோரு லட்சத்து நாற்பதாயிரத்து அறுநூறு ரூபாய்!

கான்ட்ராக்டர் அப்பலநாயுடு, பைடிதல்லிக்குத் தர வேண்டிய தொகை அது. அவள் புருஷன் சன்யாசய்யாவின் உயிருக்கு நஷ்ட ஈடு.

தரவில்லை.

"ஒரு பைசா கிடையாது! கயித்தைத் தப்பா மாட்டினது உன் புருஷன். கப்பல்காரன் முன்னாடி தலைகுனிஞ்சது நான்!" என்று சொல்லிவிட்டான்.

ஐம்பது நாளைக்கு முன், பீமிலி கப்பல் பட்டறையில் கிரேன் தூக்கிய மூன்று டன் நங்கூரம், கம்பிக்கயிறு அறுந்து சன்யாசய்யா மேல் விழுந்தது. அறுந்தது முப்பத்தொன்றாம் நம்பர் கயிறு. அதில் பச்சை பெயின்ட் இருந்தது. பச்சை என்றால் இந்த மூன்று மாதப் பரிசோதனையில் தேறிய கயிறு. விசாரணைக்கு வந்தவர்கள் பச்சையைப் பார்த்தார்கள். ஃபைலை மூடினார்கள்.

தேமுடு மட்டும் அந்தப் பச்சையை நம்பவில்லை.

அவனும் சன்யாசய்யா போலவே ரிக்கர்; கிரேனில் சுமையை மாட்டிக் கைச்சைகை காட்டுபவன். பைடிதல்லியின் தம்பி. அன்று பக்கத்திலேயே நின்றவன். பாவா, அதாவது அக்கா புருஷன், கயிற்றைத் தடவிப் பார்த்து, "இது ஆகாது சார், உள்ளே கம்பி விட்டிருக்கு" என்று சொன்னதும், "பச்சை அடிச்சிருக்கில்ல? தூக்குடா, இல்லேன்னா வீட்டுக்குப் போ!" என்று அப்பலநாயுடு கத்தியதும் அவன் காதில் விழுந்தவை. விசாரணையில் சொன்னான். மச்சினன் பேச்சு எடுபடவில்லை.

போன வாரம் கடல் உள்வாங்கியபோது சேற்றில் அவனுக்குக் கிடைத்தது... முப்பத்தொன்றின் ஜோடி. முப்பத்திரண்டு!

கம்பிகள் முள்ளம்பன்றி போலச் சிலிர்த்து நின்றன. கழித்த கயிற்றைத் துண்டு துண்டாக வெட்டிப் போட வேண்டும். நாயுடு இரண்டுக்கும் பச்சை பூசியிருக்கிறான். ஒன்று ஆளைக் கொன்றதும் இன்னொன்றைச் சேற்றில் எறிந்திருக்கிறான்!

"போலீஸ்ல குடுடா" என்றாள் பைடிதல்லி. அதே பட்டறையின் ஸ்டோரில் கயிறு எடுத்துக் கொடுக்கும் வேலை அவளுக்கு.

"குடுத்தா? சேத்துல கிடந்து கெட்டுப்போச்சும்பான். நான் வேற கணக்கு வச்சிருக்கேன்க்கா."

"என்ன கணக்கு?"

தேமுடு பெயின்ட் டப்பாவைத் திறந்தான். ஸ்டோர் மூலையில் அந்தக் கயிற்றுக்கு மறுபடியும் பச்சை பூசினான். அறுந்த கம்பிகள் தெரியாமல் சாக்கு சுற்றினான். நம்பர் தகட்டைப் பளபளவென்று தேய்த்தான்.

பைடிதல்லி அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

மறுநாள் காலை பதினோரு மணி.

கப்பலின் புகைபோக்கி உச்சியில் வெல்டிங் முடிந்திருந்தது. கான்ட்ராக்டரே மேலே போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் பில் பாஸாகும். கப்பல் கம்பெனி இன்ஜினியர் மொஹந்தி வாக்கி-டாக்கியோடு தளத்தில் காத்திருந்தார்.

அப்பலநாயுடு ஆள் தூக்கும் கூண்டுக்குள் ஏறினான்.

"சார், ரெண்டாவதா ஒரு பாதுகாப்புக் கயிறு மாட்டணும்" என்றான் தேமுடு.

"அதை மாட்ட ஒரு மணி நேரம்! வெயில்ல நான் அப்பளமாப் பொரியவா? தூக்குடா!"

தேமுடு சிரிக்கவில்லை.

சாக்கு சுற்றிய கயிற்றைக் கொக்கியில் மாட்டினான். அதைக் கண்ணால் பார்க்கவும் அவனுக்குப் பிடிக்கவில்லை. பாவாவைக் கொன்றதன் ஜோடியாயிற்றே!

கை உயர்ந்தது. கிரேன் ஆபரேட்டர் மஸ்தான் லீவரை இழுத்தான்.

கூண்டு கிளம்பியது. இருபது அடி... ஐம்பது... தொண்ணூறு...

தேமுடு முஷ்டியை மூடினான். கூண்டு நின்றது.

"ஏன்டா நிறுத்தினே?" வாக்கி-டாக்கியில் நாயுடுவின் குரல்.

"சும்மாதான் சார். காத்து எப்படி இருக்கு?"

"திமிராடா? தூக்குடா!"

"தலைக்கு மேலே ஒரு தடவை பாருங்க சார்."

கூண்டில் நாயுடுவின் தலை அண்ணாந்தது.

அப்புறம்... அலறல்!

"முப்பத்திரண்டா! டேய்... இது எப்படிடா இங்கே வந்துச்சு? இறக்குடா! அறுந்துடும்டா!"

"ஏன் சார் அறுந்துடும்? பச்சை அடிச்சிருக்கே!"

"பச்சை நான் அடிக்கச் சொன்னதுடா! ரெண்டு கயிறும் கழிச்சதுடா! புதுசு வாங்கக் காசு பாத்தேன்... உன் பாவா சொன்னான், நான் கேக்கல! உன் காலைத் தொடறேன், மெதுவா இறக்கு!"

தளத்தில் மொஹந்தி வாயைப் பிளந்தார். பட்டறை முழுக்கப் பதினாலு வாக்கி-டாக்கிகள். கேட் ஆபீஸில் ஒவ்வொரு பேச்சும் பதிவாகும். நாயுடுவுக்கு அந்த உயரத்தில் அதெல்லாம் ஞாபகம் வரவில்லை.

போதும். தேமுடு இறக்கச் சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை!

கண்ணுக்குள் பாவா விழுந்து கிடந்தான். தேமுடுவின் உள்ளங்கை கீழ்நோக்கித் திரும்பி வேகமாக ஆடியது. சட்டென இறக்கு!

கூண்டு எட்டடி விழுந்தது.

முஷ்டியை மூடினான். நிறுத்து!

படார்!

கூண்டு குலுங்கியது. கயிறு விறைத்தது. அழுகிப்போன கயிறு எதுவும் தாங்காத குலுக்கல்.

தேமுடு கண்களை மூடிக்கொண்டான்.

ஒன்று... இரண்டு... மூன்று...

எதுவும் விழவில்லை!

கண்ணைத் திறந்தான். கூண்டு ஆடிக்கொண்டிருந்தது. கூண்டுக்குள் அப்பலநாயுடு மயங்கிச் சரிந்திருந்தான்.

"மெதுவா இறக்கு மஸ்தான்!" மொஹந்தி கத்தினார். "அப்படியே போலீஸுக்குப் போன் போடுங்கப்பா!"

*

மூன்று வாரம் கழிந்தது.

நாயுடுவின் பெண்டாட்டி நகைகளை விற்று, பதினோரு லட்சத்து நாற்பதாயிரத்து அறுநூறு ரூபாயையும் லேபர் ஆபீஸில் கட்டினாள். கட்டினால் ஜாமீன் சுலபமாகும் என்று வக்கீல் சொல்லியிருந்தான். நாயுடு அப்புறமும் சிறையில்தான் இருந்தான்.

பைடிதல்லியின் போனில் பணம் ஏறிய செய்தி வந்தது. அவள் அதை இரண்டு தரம் படித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

லேபர் ஆபீஸ் வாசலில் டீயை உறிஞ்சியபடி தேமுடு முணுமுணுத்தான்.

"பணம் வந்துடுச்சு. மனசுதான் ஆறலக்கா. அந்தப் பாழாப்போன கயிறு அன்னிக்குன்னு பாத்து அறுந்து தொலைக்கலியே!"

"எப்படி அறுந்துபோகும்? அது புதுக் கயிறுடா."

டீ புரையேறியது.

"என்ன... என்னக்கா சொல்றே?"

"நீ பெயின்ட் அடிச்சுட்டு வீட்டுக்குப் போனதும், ஸ்டோர்ல இருந்த புதுசுக்கு அதே பச்சையைப் பூசி, அதே சாக்கைச் சுத்தி, அந்த நம்பர் தகட்டை மாட்டிட்டேன். போலீஸ் வந்தப்ப தகட்டை மறுபடி பழசுல மாட்டி, என் மேஜைக்கு அடியில இருந்து அதைத்தான் எடுத்துக் குடுத்தேன். புருஷனை மண்ணுக்குக் குடுத்தாச்சு. தம்பியைத் தூக்குக்குக் குடுக்கவா?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா உன் மூஞ்சி சிரிச்சுக் காட்டிக் குடுத்திருக்கும். அவன் பயந்தது பாதி கயித்தைப் பாத்து. மீதி, கீழே நின்ன உன் மூஞ்சியைப் பாத்து!"

தேமுடு சட்டையில் சிந்திய டீயைத் துடைத்தான்.

பைடிதல்லி காலி கிளாஸை வைத்துவிட்டு எழுந்தாள்.

"எனக்கு வருத்தம் அதுல இல்லடா. தூக்கறதுக்கு முன்னாடி கயித்தைக் கையால தடவிப் பாக்கணும்... அதைக்கூடச் செய்யாத உன்னை எவன்டா ரிக்கர் வேலைக்கு எடுத்தான்?"