இந்தக் கோப்பு வேறெங்கோ திறந்திருக்கிறது

ஹெங்கி வந்து சேர்ந்தபோது மேகம் மலையூரான வொனோசோபோவுக்குள் இறங்கிவிட்டிருந்தது. மதியம்தான். ஆனாலும் எதிர்வீட்டு ஓடு கண்ணுக்குத் தெரியவில்லை. முர்தினி அவனுடைய மழைக்கோட்டை வாங்கி மாட்டிவிட்டு, சூடான மெந்தோவான் பஜ்ஜியும் இனிப்பு தூக்கலான தேநீரும் கொண்டுவந்து வைத்தாள்.

"முதல்ல சாப்பிடுங்க மாஸ்," என்றாள், அண்ணன் என்கிற மரியாதையோடு.

"கம்ப்யூட்டர்ல சத்தம் எப்பலேர்ந்து வருது, ம்பாக்?" அக்கா முறை வைத்துக் கேட்டான் ஹெங்கி.

"போன வாரத்துலேர்ந்து. பெட்டிக்குள்ள யாரோ நகத்தால தட்டுற மாதிரி."

முர்தினியின் கணவன் தர்சோனோ மலைப்பாதையில் பஸ் ஓட்டியவன். வேலையில்லாத நாட்களில் வீட்டுக் கணினியிலும் ஒரு கேமில் பஸ்தான் ஓட்டுவான். அந்த கேமுக்குள் சேர்ப்பதற்கென்று தானே 'மோட்'கள் செய்வான். தன் பஸ்ஸை அதன் வர்ணம் மாறாமல் செய்தான். தான் ஏறி இறங்கிய மலைப்பாதையை வளைவு வளைவாகச் செய்தான். பாதை முடிகிற இடத்தில் இந்த வீட்டை வைத்தான். பஸ் வாசலில் போய் நின்றால் ஹாரன் ஒலிக்கும். பிறகு அவன் குரல் வரும்: "தினி, கேட்டைத் திற. வந்துட்டேன்."

மழைக்காலத் தொடக்கத்தில் நிஜ பஸ் பள்ளத்தில் விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. அவனுடைய போனும் அதோடு போயிற்று. அவன் குரல் மிஞ்சியிருந்தது இந்தக் கணினியில் மட்டும்தான்.

"இந்த டிஸ்க் ரொம்ப நாள் தாங்காது," என்றான் ஹெங்கி. கணினி வழியாகத்தான் தர்சோனோவுக்கு அவன் நண்பன். இருவரும் ஒரே மோட் குழு. "முதல்ல மோட் எல்லாத்தையும் எடுத்துடுறேன். அப்புறம் சேவ்."

"சேவ்னா அவர் கடைசியா நிறுத்தின இடமா?"

"ஆமா. பாதி மலையில நிறுத்தியிருக்காரு."

"அதையும் விட்டுடாதீங்க. அவர் கையால நிறுத்தினது."

பஸ், பாதை, மரங்கள், ஹாரன், குரல் என்று ஒவ்வொன்றாக ஹெங்கியின் கையடக்க டிஸ்க்குக்கு வந்து சேர்ந்தன. சேவ் மட்டும் வர மறுத்தது. திரையில் ஒரு வரி வந்து நின்றது.

இந்தக் கோப்பு வேறெங்கோ திறந்திருக்கிறது.

"கேம்தான் ஓடவே இல்லையே," என்று முணுமுணுத்தான். மறுபடி முயன்றான். அதே வரி. இணையக் கம்பியைப் பிடுங்கினான். அதே வரி. பிறகு சேவ் எழுதப்பட்ட நேரத்தைப் பார்த்தான்.

இன்றைய தேதி. இப்போதைய நேரம்.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த நேரம் மாறியது.

"யாரோ விளையாடிக்கிட்டிருக்காங்க," என்றான்.

"திறந்து பாருங்க."

"வேணாம் ம்பாக்."

"திறங்க மாஸ்!"

கேம் திறந்தது. திரையிலும் மழை. கண்ணாடித் துடைப்பான் இங்குமங்கும் ஆட, பஸ் ஏறிக்கொண்டிருந்தது. ஹெங்கி இரண்டு கைகளையும் மடியில் வைத்திருந்தான். ஸ்டியரிங் தானாகத் திரும்பியது. அவசரமே இல்லாமல், வளைவுக்கு முன்னால் சற்றே தாமதித்து.

"அவர் இப்படித்தான் திருப்புவாரு," என்றாள் முர்தினி.

அறையில் டீசல் வாடை அடித்தது. அதற்கடியில் ஈர மண்ணின் வாடை.

ஹெங்கியின் கண் திரையின் மேலே, பஸ்ஸின் பின்னிருக்கைகளைக் காட்டும் உட்புறக் கண்ணாடிக்குப் போனது. தர்சோனோவுக்கு மனித உருவம் செய்ய வராது; அவனுடைய பஸ் எப்போதும் காலியாகத்தான் ஓடும். குழுவில் எல்லோரும் அதைச் சொல்லியே அவனைக் கிண்டல் செய்வார்கள்.

இப்போது ஓர் இருக்கைகூட காலியில்லை.

எல்லோரும் நனைந்திருந்தார்கள். எல்லோரும் தலை கவிழ்ந்திருந்தார்கள்.

"அது சந்தைக்காரம்மா," முர்தினி திரைக்கு நெருங்கிக் குனிந்தாள். "சமிராம்மா. மடியில கூடை இருக்கு பாருங்க. அவங்களும் அன்னிக்கு அந்த பஸ்லதான்…"

சமிரா தலையை நிமிர்த்தினாள்.

ஹெங்கி மின்சாரப் பொத்தானை நோக்கிக் கை நீட்டினான். முர்தினி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "கொஞ்சம் பொறுங்க. வீட்டுக்கு வர்றாரு."

திரையில் அவர்களுடைய தெரு வந்தது. பச்சைக் கேட் வந்தது. பஸ் நின்றது.

ஹாரன் ஒலித்தது.

பெட்டியிலிருந்து அல்ல. வாசலிலிருந்து.

"தினி, கேட்டைத் திற. வந்துட்டேன்."

நூறு முறை கேட்ட குரல்தான். ஆனாலும் முர்தினி எழுந்தாள். செருப்பைக்கூடப் போடாமல் கூடத்தைக் கடந்து ஓடினாள். கதவின் தாழ்ப்பாளில் அவள் விரல் பட்டபோது, பின்னால் அறையிலிருந்து அதே குரல் மறுபடி வந்தது. இந்த முறை மெதுவாக, மூச்சிறைத்தபடி. அவன் ஒருபோதும் பதிவு செய்யாத வார்த்தைகள்.

"தினி… திறக்காதே."

அவள் அப்படியே நின்றாள்.

"இவங்களுக்கு வீட்டுக்குப் போற வழி தெரியலை. திறந்தா இங்கயே இறங்கிடுவாங்க."

கேட்டைத் தட்டும் ஓசை எழுந்தது. முதலில் ஒரு கை. பிறகு பல கைகள். தகரம் அதிர்ந்தது. முர்தினி தாழ்ப்பாளை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கதவில் நெற்றியை முட்டுக்கொடுத்து அழுதாள். "நீங்க மட்டும் வாங்களேன்," என்றாள். "நீங்க மட்டும்."

தட்டும் ஓசை நின்றது. இன்ஜின் உறுமி, பின்வாங்கி, மலைப்பக்கமாகத் தேய்ந்து மறைந்தது.

அறையில் கணினி ஒருமுறை 'டிங்' என்றது. சேவ் வந்து சேர்ந்துவிட்டது. பெட்டிக்குள் கேட்டுக்கொண்டிருந்த நகச் சத்தம் அதோடு நின்றது. அந்தக் கணினி அதன்பின் உயிர்பெறவே இல்லை.

முர்தினி மறுவாரமே பூர்வொகர்த்தோவில் தங்கையின் வீட்டுக்குக் குடிபோனாள். ஹெங்கி அந்த டிஸ்க்கைத் துணியில் சுற்றித் தன் துணிப்பெட்டியின் அடியில் வைத்தான். ஆனால் வெயில் அடிக்கிற நாட்களில் பயம் நீர்த்துப்போகிறது. ஒருநாள் அவளே போனில் கேட்டாள்.

"அவர் குரல் ஒரே இடத்துல இருக்கிறதை நினைச்சா எனக்குப் பதறுது மாஸ். இதுவும் கெட்டுப்போச்சுன்னா?"

அதனால் ஹெங்கி எல்லாவற்றையும், சேவ் உட்பட, குழுவின் பொதுச் சேமிப்பில் ஏற்றிவைத்தான். குழுவினர் ஆவலோடு இறக்கிக்கொண்டார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு நகல். சுமத்ராவில், போர்னியோவில், கடல் தாண்டி எங்கெங்கோ.

முதல் செய்தி சுலாவெசியிலிருந்து, கெண்டாரி ஊரில் இருக்கும் குழு நண்பன் லா ஓடேயிடமிருந்து வந்தது.

'ஹெங்கி மாஸ், சூப்பர் பாதை. ஆனா எங்க தெருவை யாரு செஞ்சது? அச்சு அசலா எங்க வீடு. பஸ் தானா வந்து எங்க வாசல்ல நிக்குது.'

ஹெங்கி படித்து முடிப்பதற்குள் அடுத்தது.

'கூடை வச்சுக்கிட்டு ஒரு அம்மா இறங்கி நிக்கிறாங்க. வழி கேக்குறாங்க. கேட்டைத் தட்டுற சத்தம் கேம்லயா வெளியிலயான்னு தெரியலை, ஹா ஹா.'

ஹெங்கி அவசரமாக அடித்தான்; எழுத்துகள் தப்பின. அழித்து, மறுபடி அடித்து அனுப்பினான்.

'திறக்காதே.'

லா ஓடேயின் பதில் வந்தது.

'எங்க அம்மா திறந்துட்டாங்களே, மாஸ்.'