இருநூற்றுப் பதினாலாம் பக்கம்

‘டிங்!’

டாக்டர் யேசுதாசன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். மேஜை மேலிருந்த தன் செல்போனைச் சுட்டிக் காட்டினார்.

“பாருங்க, இன்னொண்ணு!”

மேற்குத் தாம்பரத்தில், ஜெராக்ஸ் கடை மாடியில் ஜான்சியின் துப்பறியும் அலுவலகம். முன்பு மருத்துவக் கல்லூரியில் நூலகராக இருந்தவள். நிதானமாகப் போனை எடுத்தாள். உங்கள் ஆய்வுக் கட்டுரையை இன்னொருவர் மேற்கோள் காட்டியிருக்கிறார் என்றது மெயில்.

“நல்ல சேதி தானே சாரு?” என்றான் குணா. ஆட்டோக்காரன். சவாரி இல்லாத நேரத்தில் ஜான்சியின் உதவியாளன். வயது ஐம்பது, துப்பறிவதென்றால் பதினைந்து.

“மருந்தியல்ல முப்பது வருஷம். பேர் சொல்ற மாதிரி ஒரே ஒரு கட்டுரை. ஆடாதோடை இலைச் சாறு மூச்சுக்குழல்ல என்ன பண்ணுதுன்னு. ஜர்னல்ல 241ஆம் பக்கம்” என்றார் பெரியவர். “இருபத்தஞ்சு வருஷத்துல ஒன்பது பேர்தான் மேற்கோள் காட்டினாங்க. இந்த ஒன்றரை வருஷத்துல இருபத்துமூணு பேர்! நான் ஆள் வச்சுப் பண்றேன்னு கல்லூரிக்கு மொட்டைக் கடிதாசி போயிருக்கு. திங்கட்கிழமை விசாரணை. அந்தக் கட்டுரை அசிங்கப்பட்டா எனக்குன்னு எதுவுமே இல்லம்மா.”

ஒரு பைலை நீட்டினார். “என் பயோடேட்டா. மேரி, என் மனைவி, டைப் பண்ணது.”

அவர் படியிறங்கியதும், பைலைப் புரட்டிய குணா துள்ளினான். “ஹேமநாத்துதான் மேடம்! கட்டுரைல ரெண்டாவது பேரு அவுரு. சாரோட பழைய ஸ்டூடண்ட்டு. எண்ணிக்கை ஏறினா அவுருக்கும் ப்ரொமோஷன் கீது.”

ஜான்சி இருபத்துமூன்று கட்டுரைகளையும் படிக்கத் தொடங்கினாள்.

ஞாயிறு மாலை, சேலையூர் வீடு. டாக்டரின் அறைக் கதவு சாத்தியிருந்தது. கூடத்துச் சாப்பாட்டு மேஜையில் ஒரு லேப்டாப், ஒற்றைத் தட்டு.

“அவர் ரூம்லயே சாப்பிட்டுடுவார்” என்றாள் டாக்டரின் மனைவி செல்வமேரி. “நான் ஒரு கம்பெனிக்காகக் கட்டுரைங்களுக்கு இங்கிலீஷ் திருத்தறேன். பொழுது போகணுமில்ல?”

சுவர்க் காலண்டரில் அங்கங்கே சில தேதிகளைச் சுற்றிச் சிவப்பு வட்டங்கள்.

“இன்னாக்கா, தண்ணி லாரி வர்ற நாளா?” என்றான் குணா. அவள் சிரித்து மழுப்பினாள். ஜான்சி அறைக் கதவைத் தட்டி டாக்டரின் போனை வாங்கி, மெயில் தேதிகளையும் காலண்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டும் ஒத்துப்போயின.

ஜான்சி வரச் சொல்லியிருந்த ஹேமநாத் வந்ததும், டாக்டரையும் அழைத்து எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

“சார், உங்க கட்டுரை எந்தப் பக்கம்?”

“241.” யோசிக்கவே இல்லை.

“இருபத்துமூணு பேரும் 214ன்னு போட்டிருக்காங்க. ஜர்னலைப் பார்த்திருந்தா இந்தத் தப்பு வராது. கல்லூரி வெப்சைட்ல இருக்கிற ஹேமநாத்தோட பயோடேட்டால கூட 241 சரியா இருக்கு. 214 இருக்கிறது ஒரே இடத்துலதான்.” ஜான்சி பைலைத் திறந்து வைத்தாள். “நீங்க கொடுத்த இந்தப் பயோடேட்டால. ஒரு தடவை படிச்சிருந்தா நீங்களே திருத்தியிருப்பீங்க. படிக்கவே இல்ல.”

யேசுதாசன் பக்கத்தை உற்றுப் பார்த்தார்.

“எழுதினவங்க வேற வேற ஊர். ஆனா எல்லாரும் கடைசியில ஒரே கம்பெனிக்கு நன்றி சொல்றாங்க, இங்கிலீஷ் திருத்தினதுக்கு. திருத்தி வந்ததுல ஒரு மேற்கோள் கூடுதலா இருந்தா யாரு கவனிக்கப் போறாங்க?”

“அய்யே!” என்று குணா நாக்கைக் கடித்துக்கொண்டான். எல்லோர் பார்வையும் செல்வமேரி மேல் திரும்பியது. அவள் மறுக்கவில்லை. லேப்டாப்பை மெல்ல மூடினாள்.

“நாளைக்கு விசாரணையில நானே வந்து சொல்றேன். அந்த இருபத்துமூணு பேருக்கும் எழுதிடறேன். இவர் மேல தப்பில்ல.”

“நானும் கூட வர்றேன் சார். உங்க பேருக்கு ஒண்ணும் ஆகாது” என்றான் ஹேமநாத்.

“அப்ப மறுபடியும் ஒன்பதுதானா?” என்றார் டாக்டர், எங்கோ பார்த்தபடி. பிறகுதான் மனைவியைப் பார்த்தார். “ஏன் மேரி?”

குணா காலண்டரைக் காட்டினான்.

“அப்ப இதெல்லாம் மெயில் வந்த நாளுங்களாக்கா?”

“இல்லப்பா” என்றாள் செல்வமேரி. “அவர் கதவைத் திறந்து வெளிய வந்து, என்கிட்டப் பேசின நாளுங்க.”