எட்டு மணி நேர முதுமை

மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குச் செண்பகவல்லிக்கு எண்பத்தைந்து வயதாகும். மாலை ஐந்து மணிக்கு மறுபடி ஐம்பத்து நான்கு ஆகிவிடும். இதற்காக யாரும் பதறுவதில்லை. திருச்சியில் அவள் குடியிருந்த நாற்பது மாடிக் கட்டடத்தில் அன்றைக்கு முப்பது பேராவது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்கள். மின்தூக்கியும் அன்று மட்டும் மெதுவாகக் கதவை மூடும்.

பிடரியில் பதித்த நெல்மணி அளவு மின்னணுச் சில்லுதான் காரணம். முன்முதுமைச் சில்லு என்று பெயர். அது நரம்புகள் கொண்டுபோகும் சேதியில் பாதியை வழியிலேயே நிறுத்திவிடும். கண்ணில் படலம் விழும், விரல் நடுங்கும், முழங்கால் சொன்னபடி கேட்காது, நாக்கு நுனிவரை வந்த பெயர் திரும்பிப் போய்விடும். தள்ளாத காலத்தில் தன்னை எங்கே, எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொருவரும் ஐம்பத்தைந்து வயதுக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். ஆறு நாள் ஒத்திகை பார்க்காதவர்கள் எழுதியதை முதுமைத் திட்ட ஆணையம் ஏற்காது.

முதல் ஐந்து நாளையும் செண்பகவல்லி போர்த்திக்கொண்டு தூங்கியே கழித்துவிட்டாள். ஆணையம் கண்டுபிடித்துவிட்டது. ஆறாவது நாள் விழித்திருந்து வீட்டாரோடு புழங்கியே ஆக வேண்டும் என்று கண்டிப்பாகக் கடிதம் வந்தது. குடிநீர் வாரியத்தில் மூன்று மாவட்டங்களுக்குத் தலைமைப் பொறியாளர் அவள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் நாலு நீர்த்தேக்கத்தின் மதகுகள் திறக்கும்.

ஒன்பதரை மணிக்கு அவளால் ஊறுகாய் பாட்டிலைத் திறக்க முடியவில்லை.

"குடும்மா, நான் பாத்துக்குறேன்" என்று மகன் நன்மாறன் பாட்டிலைப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டான். திறந்து தரவில்லை. பிறகு அடுப்பருகே நின்ற பணிப்பொறியிடம் கேட்டான்: "அம்மா சாப்பிட்டாங்களா?"

"ஏன்டா, எதிர்லதான உக்காந்திருக்கேன்? என்னையக் கேட்டா என்ன?"

"சரிம்மா, சரி. டென்ஷன் ஆகாத. பிரஷர் ஏறிடும்."

பணிப்பொறி தோசையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி வைத்தது. சட்னியில் காரமே இல்லை. யாரைக் கேட்டு இப்படிச் செய்தாய் என்றாள். தம்பி சொன்னார் என்றது பணிப்பொறி.

பதினோரு மணிக்கு, மெத்தனமாய் இருந்த ஒரு ஒப்பந்தக்காரரைத் தான் சமாளித்த கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். நடுவில் அந்த ஆளின் பெயர் நழுவிவிட்டது.

"யாரு, சிவக்கொழுந்தா?" என்றான் நன்மாறன்.

"இல்லடா, அந்த..."

"அப்ப மருதையன். சரி, யாரா இருந்தா என்னம்மா? விடு." அவன் எழுந்து போய்விட்டான்.

பக்கத்து நாற்காலியில் அவளுடைய அப்பா தெய்வசிகாமணி இருந்தார். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவர். அவருக்கு எண்பத்து மூன்று. சில்லு எதுவும் வைக்காமலே வந்த எண்பத்து மூன்று. அவர் ஒன்றும் சொல்லாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முழுசாக இரண்டு நிமிஷம் ஆனது.

"இன்னாசிமுத்து!" என்றாள் செண்பகவல்லி.

"ம்... இன்னாசிமுத்து என்ன பண்ணான்?" என்றார்.

கதையைக் கடைசிவரை கேட்டார். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்.

மதியம் இன்னும் மோசம். அவள் படுத்திருந்த அறைக்குள் நன்மாறன் கதவைத் தட்டாமல் வந்து விளக்கை அணைத்தான். அவள் படித்துக்கொண்டிருந்தாள். சாவி எங்கே என்று கேட்டதற்கு, "இப்ப எங்க போகப் போற? பேசாம உக்காரு" என்றான். அவளுக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு போனில் யாரிடமோ, "இன்னிக்கு ஒரு நாளே முடியலடா, நெசமாவே ஆனா எப்புடின்னு தெரியல" என்று சொன்னதும் அவள் காதில் விழுந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. எழுந்து உட்கார்ந்தாள்.

நடுங்கும் விரலால் திட்டத்தை எழுதத் தொடங்கினாள். என்னைப் பற்றி என்னிடமே கேட்க வேண்டும். தட்டாமல் என் அறைக்குள் வரக்கூடாது. எனக்குக் காரம் வேண்டும். நான் பேசி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும், பெயர் நினைவுக்கு வராவிட்டால் எடுத்துக்கொடுக்கக் கூடாது. என் சம்மதம் இல்லாமல் என்னை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு மாற்றக் கூடாது. எழுத எழுதக் கோபம் ஏறியது. ஐந்து மணிக்குள் நாற்பத்தொரு நிபந்தனைகள் சேர்ந்துவிட்டன.

மணி ஐந்தடித்தது. விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. கண் தெளிந்தது. எழுந்து நின்று ஒரு தடவை சோம்பல் முறித்தாள். அப்பா உட்கார்ந்திருந்த கூடத்துக்கு வந்து, எழுதியதை உடனே ஆணையத்துக்கு அனுப்பினாள். பத்து நிமிஷத்தில் பிலோமினா என்ற அதிகாரியின் முகம் சுவர்த்திரையில் வந்தது.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க மேடம். அப்படியே ஏத்துக்கிட்டோம்."

"ஏத்துக்கிட்டுத்தான் ஆகணும். ஒரு நாள் அனுபவிச்சுப் பாருங்க, தெரியும். மனுசங்களாவா நடத்துறாங்க?"

"உண்மைதான் மேடம். உங்க பேர்ல இன்னொரு கோப்பும் இருக்கு. உங்க அப்பாவோடது. அவர் காலத்துல இந்தச் சட்டம் இல்லாததால நீங்கதான் எழுதித் தரணும். வியாழக்கிழமை அவர் மூணாவது மாடிப் பராமரிப்பு இல்லத்துக்கு மாறுறாரு. அதுல நிபந்தனைகள் பகுதி காலியா இருக்கு. நீங்க இன்னிக்கு எழுதினதையே அவருக்கும் போட்டுரட்டுமா?"

செண்பகவல்லி ஒரு கணம் யோசித்தாள். நாற்பத்தொரு நிபந்தனை என்றால் இல்லத்திலிருந்து தினமும் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். நாளைக்கு மேட்டூரில் கூட்டம்.

"அவருக்கு அதெல்லாம் வேணாங்க. அவரு எதையும் கண்டுக்க மாட்டாரு. வழக்கமானதே போடுங்க."

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலாமா? பின்னாடி உக்காந்திருக்காரே."

"அவர்கிட்ட கேட்டா இன்னிக்கு முடியாது. ஒரு பதில் சொல்ல அரை மணி ஆகும். நான் சொல்றேன், நீங்க எழுதிக்குங்க."

பிலோமினா எழுதிக்கொண்டார். ஒத்திகை முடிந்த கையோடு அன்று அவரிடம் வந்து சேர்ந்த இருபத்து மூன்றாவது 'வழக்கமானது' அது. தள்ளாமையைத் தாங்களே உணர்ந்தவர்கள் வீட்டுப் பெரியவர்களைப் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்துத்தான் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அது நடந்ததா என்று கேட்க ஆண்டறிக்கையில் ஒரு கட்டம் கிடையாது. எத்தனை பேர் தங்கள் முதுமையைத் திட்டமிட்டார்கள் என்ற கட்டம்தான் உண்டு. அது ஒவ்வோர் ஆண்டும் நிரம்பி வழிந்தது.

திரை அணைந்தது. செண்பகவல்லி அப்பாவின் காதருகே குனிந்து, கட்டடத்துக்கே கேட்கும் குரலில் சொன்னாள்.

"அப்பா! வியாழக்கிழமை உங்களுக்குப் புது ரூம்!"

தெய்வசிகாமணி தலையசைத்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். வார்த்தை வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அதற்குள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

"அங்க ஜன்னல் இருக்குமாம்மா?"

"அதெல்லாம் அவங்க பாத்துப்பாங்கப்பா" என்றாள், திரும்பாமலே.