நேற்று வந்த குழு

போளூர் ஓட்டலில் ஜெயமதி அவசரமாகப் போய் உட்கார்ந்தாள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவது அவளுடைய சமணக் குடும்பத்து வழக்கம். கேட்பதற்கு முன்பே, வெங்காயம் போடாத சட்னியோடு இட்லி வந்தது.

"வெங்காயம் ஆவாதுன்னு நேத்தே சொன்னீங்களேம்மா. பாட்டும் பிரமாதம்" என்றார் பரிமாறியவர்.

நேற்று அவள் ஆரணியில் இருந்தாள்.

எலெக்ட்ரிக் கிடாரையும் பம்பையையும் சேர்த்து நாட்டுப் பாட்டு பாடும் குழு அவர்களுடையது. ஜெயமதி பாடுவாள், சாந்த் பாஷா கிடார், தசரதன் பம்பை. எண்பத்திரண்டாம் வருஷ ஆடி மாதம் முழுக்க ஊர் ஊராகத் திருவிழா. வேனில் டீசல் நாற்றமும் வேர்வையும் தசரதனின் கேலியும் எப்போதும் நிறைந்திருக்கும். யாரோ நம்ம பேரைச் சொல்லிப் பிழைக்கிறான் என்று தசரதன் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தான். ஜெயமதிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சட்னி இன்னும் நாக்கில் இருந்தது.

மறுநாள் வேங்கிக்காலில் விழாவை நடத்தும் சக்கரபாணி அவர்களைப் பார்த்ததும் முகம் தெளிந்தார்.

"அப்பாடா, மூணு பேரும் வந்துட்டீங்க. நேத்து ரெண்டு பேர்தானே வந்தீங்க? பம்பைக்காரர் எங்கன்னு கேட்டா பாய் அழுவறாரு."

"நான் இங்கதானே கீறேன்!" என்று தசரதன் மார்பில் தட்டிக் காட்டினான்.

அன்று மூன்றாவது பாட்டில், ஏரிக் காற்றில் டியூப் லைட்டைச் சுற்றிப் பூச்சிகள் மொய்க்க, கற்பூரப் புகை தொண்டையில் கரகரக்க, அவள் கண்ணை மூடி உச்சத்துக்குப் போனபோது பம்பை நின்றது. திரும்பிப் பார்த்தாள். தசரதன் பம்பையின் மேல் கவிழ்ந்திருந்தான். குச்சி கையிலேயே இருந்தது. மூச்சு இல்லை.

விடிந்ததும் டிரைவர் அப்பாதுரை உடலை வேனில் ஏற்றிக்கொண்டு ஆரணிக்குப் போனார்.

"இன்னிக்கு அடி அண்ணாமலை திருவிழாவுக்குப் போவ வேணாம் பாஷாண்ணே" என்றாள் ஜெயமதி.

"ஜனங்க காத்திருப்பாங்க ஜெயா. இன்னிக்கு இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு ஆரணி பஸ் புடிச்சிடலாம்."

மலையைச் சுற்றிப் போகும் பாதையில் ஜட்கா மெதுவாக நகர்ந்தது. சாயங்கால வெயில் மலையின் மேல்புறத்தில் செங்கல் நிறத்தில் காய்ந்துகொண்டிருந்தது. குதிரையின் குளம்புச் சத்தம், சாணி வாசனை, கிடார் பெட்டியின் மேல் பாஷாவின் விரல்கள் தாளமில்லாமல் தட்டுவது. அவர் விரல் ஓயக்கூடாது என்று அவள் மனசுக்குள் வேண்டிக்கொண்டே வந்தாள்.

ஊர் முனையில் அவள் முதலில் இறங்கினாள். கோயில் வாசல் பெருக்கும் எல்லம்மாள் சுருட்டிய கோரைப் பாயும் கையுமாக வந்தாள்.

"வாம்மா. இன்னிக்காவது மூஞ்சியக் காட்டினியே."

"ஏம்மா, நேத்து எத்தினி பேர் வந்தோம்?"

"யாரு வந்தா? மேடையில ஆளே இல்ல. ஒம் பாட்டு மட்டும் கேட்டுச்சு, விடிய விடிய."

விரல் சத்தம் நின்றிருந்தது.

திரும்பினாள். ஜட்காவில் கிடார் பெட்டி. பக்கத்தில் யாருமில்லை. வண்டிக்காரர் கடிவாளத்தைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார், பெட்டியை மட்டுமே ஏற்றி வந்தவர் போல.

ஓடினாள். வண்டிக்கு அடியில் பார்த்தாள். பாதையில் பார்த்தாள். வெறும் பாதை.

"பாஷாண்ணே!"

வாய் திறந்தது. தொண்டையில் ஒலி இல்லை.

புளியமரத்தில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கி கரகரத்தது. அதிலிருந்து வந்தது அவள் குரல்.

"பாஷாண்ணே..."

மறுபடி கத்தினாள். மறுபடி மரத்திலிருந்து. வீடுகளிலிருந்து ஜனங்கள் வந்தார்கள். மரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். சிலர் கைதட்டினார்கள்.

எல்லம்மாளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். கையில் எதுவும் படவில்லை.

"ஆரம்பிச்சிட்டாங்க, ஒக்காருங்க" என்றாள் எல்லம்மாள். ஜெயமதி நின்ற அதே இடத்தில் எல்லம்மாள் பாயை விரித்து உட்கார்ந்தாள்.